லூப் ஓடும் கல்குலேட்டர் வேண்டுமா, '=' பொத்தானே போதுமா?

என் தங்கச்சியின் மகன் ஒலுவிலில் பொறியியல் படிக்கிறான். வீடு களுவாஞ்சிகுடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்புக்கு என்னைப் பார்க்க வந்தவன், தேத்தண்ணியை வாயில் வைக்கும் முன்பே கேட்டான்.

"மாமா, லூப் போடக்கூடிய கல்குலேட்டர் ஒண்டு வாங்கவேணும். எது நல்லம்?"

"லூப் என்னத்துக்கு மனே?"

"வாய்க்கால் ஆழம் காணுற கணக்கு மாமா. ஒரே சமன்பாட்டத் திரும்பத் திரும்ப அடிச்சுக் கை நோகுது."

நான் நீர்ப்பாசன வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கணினிக்காரன் இல்லை. ஆனால் அவனுக்குக் கை நோகிற அதே கணக்கில் எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் கை நொந்திருக்கிறது. அன்றைக்கு மேசையில் நாலு கல்குலேட்டரையும் ஒரு போனையும் பரப்பி வைத்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு கடைக்குப் போகிற வேறு பிள்ளைகளுக்கும் உதவும்.

நிபந்தனையோடு ஓடும் லூப்பில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, அதே கணக்கைத் திரும்பச் செய்வது. மற்றது, 'போதும், நிறுத்து' என்று சொல்வது. முதலாவது கையின் வேலை, இரண்டாவது கண்ணின் வேலை. கல்குலேட்டருக்குக் கல்குலேட்டர் மாறுவது, இந்த இரண்டில் எதைத் தான் எடுத்துக்கொள்கிறது, எதை நம்மிடம் விட்டுவிடுகிறது என்பதுதான். விலை, நிறம், திரையில் எத்தனை வரி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, கணக்கைப் பார்ப்போம். படுவான்கரைப் பக்கம் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) போகிற ஒரு மண் வாய்க்கால் என்று வையுங்கள். செவ்வக வெட்டுமுகம், அடி அகலம் 2 மீட்டர், சாய்வு 2500 க்கு 1, மானிங் எண் (வாய்க்காலின் சொரசொரப்பைக் குறிப்பது) 0.025. துருசு (மதகு) திறந்தால் விநாடிக்கு 1.5 கனமீட்டர் வருகிறது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் ஓடும்? கரை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது இந்த விடையில்தான் தொங்குகிறது. வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரின் அளவைக் காண்கிற மானிங் சமன்பாட்டில் ஆழம் பரப்பிலும் இருக்கிறது, நனைந்த சுற்றளவிலும் இருக்கிறது, அதுவும் பின்ன அடுக்கோடு. ஆழத்தை மட்டும் ஒரு பக்கத்துக்குத் தனியாக இழுத்தெடுக்க முடியாது. ஒரு ஆழத்தை உத்தேசமாகப் போட்டு, வருகிற விடையைத் திரும்ப உள்ளே போட்டு, இரண்டும் ஒன்றாகும் வரை போகவேண்டும்.

(கல்லடிப் பழைய பாலத்துக்கும் மானிங் என்று பெயர் இருப்பதால் சமன்பாடும் அந்த மானிங்குடையது என்று நினைக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பாலம் 1924 இல் திறந்தது, ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரில். சமன்பாடு ரொபர்ட் மானிங் என்ற அயர்லாந்துப் பொறியியலாளர் 1889 இல் முன்வைத்தது. இருவருக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.)

எண்களை ஒழுங்கு செய்தால் இப்படி வரும். பாய்ச்சலை (விநாடிக்கு வருகிற அந்த 1.5 ஐ) மானிங் எண்ணால் பெருக்கி, சாய்வின் வர்க்கமூலத்தால் பிரித்தால் 1.875. புதிய ஆழம் = 1.875 இன் 0.6 ஆம் அடுக்கு × (2 + 2 × பழைய ஆழம்) இன் 0.4 ஆம் அடுக்கு ÷ 2. இதுதான் சுற்றவேண்டிய வரி.

முதலில் எல்லாப் பிள்ளையிடமும் இருக்கிற ரகம்: கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ். இதில் புரோகிராம் கிடையாது. ஆனால் கடைசியாக வந்த விடையை நினைவில் வைத்திருக்கிற 'ஆன்ஸ்' பொத்தான் இருக்கிறது. 1 என்று அடித்து '=' அழுத்துங்கள். இப்போது ஆன்ஸுக்குள் 1 இருக்கிறது. பிறகு மேலே சொன்ன வரியை, பழைய ஆழம் வருகிற இடத்தில் ஆன்ஸைப் போட்டு ஒரு தடவை முழுதாக அடித்து, '=' அழுத்துங்கள். 1.2694. திரும்ப '=' மட்டும். 1.3352. திரும்ப. 1.3506, 1.3541, 1.3549. மூன்றாம் தசமதானம் அசைய மறுக்கத் தொடங்கிவிட்டது. ஐந்து தடவை '=' அழுத்தியதில் கணக்கு முடிந்தது.

மருமகன் வாயைப் பிளந்தான். அவன் ஒவ்வொரு சுற்றுக்கும் முழு வரியையும் புதிதாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாளில் கணிப்பானுக்கே இடமில்லை. மடக்கை அட்டவணையோடு வளர்ந்து பல்கலைக்கழக வாசலில் திடீரென்று 991 ஐக் கையில் வாங்குகிற பிள்ளைகள், அதை வெறும் கூட்டல் பெருக்கல் பெட்டியாகத்தான் பாவிக்கிறார்கள். பொத்தானுக்கு மேலே மஞ்சளிலும் சிவப்பிலும் எழுதியிருப்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்த வழியில் கல்குலேட்டர் எடுத்துக்கொண்டது திரும்பச் செய்கிற வேலையை மட்டும். நிறுத்துவது உங்கள் கண்தான். எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. எண்கள் எப்படி நெருங்குகின்றன என்று பார்த்துக்கொண்டே போகலாம். வித்தியாசம் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நாலில் ஒன்றாகச் சுருங்குவது தெரியும். சுருங்காமல் விரிந்தால், வரியை எங்கோ பிழையாக அடித்திருக்கிறீர்கள் என்று இரண்டாவது '=' இலேயே பிடிபட்டுவிடும். புரோகிராம் உள்ளே ஓடும்போது இதெல்லாம் கண்ணில் படாது.

அதே 991 இல் 'ஸோல்வ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதற்குள் நிபந்தனை லூப் ஒன்று ஏற்கெனவே கட்டியிருக்கிறார்கள், நியூட்டன் முறையில். மானிங் சமன்பாட்டை ஒழுங்குபடுத்தாமல், 1.875 ஒரு பக்கமும் மற்றதெல்லாம் மறு பக்கமுமாக அப்படியே அடித்து, தெரியாத ஆழத்துக்கு எக்ஸ் போட்டு, ஷிஃப்ட், கால்க் அழுத்தி, தொடக்கப் பெறுமானமாக 1 கொடுத்தால் கொஞ்சம் யோசித்துவிட்டு 1.355162 என்று சொல்லும். கீழே இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் காட்டும். அது பூச்சியமா, இல்லாவிட்டால் மிகச் சிறிய எண்ணா என்று பார்க்காமல் விடையை எழுதக்கூடாது. தொடக்கப் பெறுமானம் பொருந்தாவிட்டால் தீர்க்க முடியவில்லை என்ற பிழைச்செய்தி வரும், வேறு ஒன்றைக் கொடுக்கவேண்டும்.

ஆக, அவன் கேட்டு வந்த கணக்குக்கு லூப் எழுதத் தேவையே இல்லை. அந்த இடத்திலேயே கதையை முடித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் ஸோல்வால் ஆகாத கணக்குகள் இருக்கின்றன. விடை ஒன்று மட்டும் வேண்டாம், ஒவ்வொரு படியும் வேண்டும் என்கிற கணக்குகள்.

வட்டவிதானை (வயல்களின் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கிறவர்) ஒருவர் ஒருமுறை என்னிடம் கொண்டுவந்த கணக்கு அப்படி. லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) வாங்க 3 இலட்சம் ரூபாய் கடன், மாதம் 1.5 வீத வட்டி, மாதக் கட்டணம் 15,000. எத்தனை மாதத்தில் முடியும், இடையில் கையில் காசு வந்தால் மிச்சத்தை ஒரேயடியாகக் கட்ட எவ்வளவு வேண்டும்? இதற்கு 991 இல் கால்க் பொத்தானும் முக்காற்புள்ளியும் சேர்ந்த ஒரு வித்தை இருக்கிறது. ஏ = ஏ + 1 : பி = பி × 1.015 − 15000 என்று அடிக்கவேண்டும். இங்கே '=' அல்ஃபாவோடு வருகிற சிவப்பு '='. பிறகு கால்க். ஏ எவ்வளவு என்று கேட்கும், 0. பி எவ்வளவு, 300000. அதன்பின் '=' அழுத்த அழுத்த, மாதம் 1, மிச்சம் 289500; மாதம் 2, மிச்சம் 278842.50 என்று ஓடும். நடுவில் ஏ, பி என்ன என்று திரும்பக் கேட்டால் பயப்படவேண்டாம், உள்ளே இருக்கிற பெறுமானத்தை வெறும் '=' ஆல் ஏற்றுக்கொண்டு போகலாம். 24 ஆம் மாதத்தில் மிச்சம் மறை எண்ணாக மாறும். அதாவது கடைசித் தவணை முழு 15,000 வராது.

வித்தை அழகானது. வியட்நாம் மாணவர்கள் போட்டிப் பரீட்சைக்கு இதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் 24 மாதத்துக்கு 48 தடவைக்குக் குறையாமல் '=' அழுத்தவேண்டும். ஒரு தடவை கை வழுக்கினால் மாதமா மிச்சமா திரையில் நிற்கிறது என்று குழம்பிப்போகும். பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் போகிற கணக்குக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். எத்தனை சுற்று என்று முதலே தெரிந்த வெறும் கூட்டல் என்றால் சிக்மாப் பொத்தான் இருக்கிறது, அதுவும் ஒரு லூப்தான்.

991 முழுதாகக் கைவிடுகிற இடம் வேறு. அது கிளை பிரிகிற கணக்கு. நில அளவையில் ட்ரவர்ஸ் (புள்ளிக்குப் புள்ளி கோணமும் நீளமும் அளந்துகொண்டு போவது) ஓடும்போது ஒவ்வொரு புள்ளியிலும் முந்திய கோட்டின் திசைகோளோடு (வடக்கிலிருந்து அளக்கிற கோணம்) உள்கோணத்தைக் கூட்டவேண்டும். கூட்டியது 180 பாகையை விடக் குறைந்தால் 180 ஐக் கூட்டு, கூடினால் 180 ஐக் கழி, 540 ஐயும் தாண்டினால் 540 ஐக் கழி. வெயிலுக்குள் இருபது புள்ளிக்கு இந்த மூன்று 'ஆனால்' ஐயும் ('இப்படி ஆனால் அப்படிச் செய்' என்கிற நிபந்தனை) மனதில் வைத்துக்கொண்டு அடிப்பவன் ஒரு இடத்திலாவது பிழை விடுவான். கிளை பிரிகிற வேலையை இயந்திரத்திடம் கொடுக்கவேண்டிய இடம் இது. 991 இன் பொத்தான்கள் எதிலும் 'ஆனால்' இல்லை.

இங்கேதான் புரோகிராம் ரகம் வருகிறது. சின்ன அளவில் கேசியோ எஃப்எக்ஸ்-50எஃப்எச் 2, எஃப்எக்ஸ்-3650பி 2. ஹொங்கொங் பள்ளிப் பிள்ளைகளிடம் பெயர் பெற்றவை. இரண்டிலும் நாலு புரோகிராம் வைக்கலாம். முதலாவதில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 680 பைட், இரண்டாவதில் 390. நிபந்தனைக்கு இஃப், லூப்புக்கு ஃபோர், வைல் என்ற கட்டளைகள் எல்லாம் உண்டு. பழைய பாணி லேபலும் (ஒரு இடத்துக்கு வைக்கிற அடையாளம்) கோ-டூவும் (அந்த இடத்துக்குத் தாவு) உண்டு. வாய்க்கால் கணக்கு இதில் இப்படி இருக்கும்:

? → ஏ : ? → பி : 1 → வை : லேபல் 1 : வை → எக்ஸ் : ஏ ^ 0.6 × (பி + 2 எக்ஸ்) ^ 0.4 ÷ பி → வை : (வை − எக்ஸ்)² > 0.000001 ⇒ கோ-டூ 1 : வை

ஏ கேட்டால் 1.875, பி கேட்டால் அகலம் 2. நடுவில் இருக்கிற இரட்டைக்கோட்டு அம்புதான் நிபந்தனை. அதற்கு முன்னால் இருப்பது உண்மையானால் அடுத்ததைச் செய்யும், பொய்யானால் அடுத்ததைத் தாண்டிப் போகும். புதிய ஆழத்துக்கும் பழையதுக்கும் வித்தியாசம் 0.001 க்கு மேல் இருக்கும் வரை லேபல் 1 க்குத் திரும்பும். ஏன் வித்தியாசத்தை வர்க்கமாக்கியிருக்கிறேன் என்று மருமகன் கேட்டான். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் கையில் இருந்தது எஃப்எக்ஸ்-180பி. மொத்தம் 38 படி. அதற்குள் இரண்டு புரோகிராமையும் அடக்கவேண்டும். நிபந்தனை என்று இரண்டே இரண்டு: திரையில் இருப்பது பூச்சியத்தை விடக் கூடினால் தொடக்கத்துக்குத் திரும்பு, நினைவகத்தில் இருப்பதை விடக் கூடாவிட்டால் தொடக்கத்துக்குத் திரும்பு. நடுவில் ஓரிடத்துக்குத் தாவ வழியில்லை. திரும்பினால் முதல் படிக்குத்தான். அந்த இறுக்கத்துக்குள் இதே மானிங் கணக்கை எழுதி வைத்திருந்தேன். புதிய ஆழத்திலிருந்து பழையதைக் கழி, அதிலிருந்து 0.001 ஐக் கழி, மிச்சம் பூச்சியத்துக்கு மேல் என்றால் திரும்பு. 1 இல் தொடங்கினால் ஆழம் ஏறிக்கொண்டே போய் 1.355 இல் நிற்கும். நாலைந்து வாய்க்காலுக்குச் சரியாக வந்தது. எனக்குத் தலைக்கனமும் வந்தது.

ஒருநாள் அதற்கு முந்திய வாய்க்கால் பெரியதாக இருந்ததால் 3 இல் தொடங்கினேன். ஒரு நொடியில் விடை வந்தது: 1.675. 'இன்றைக்குக் கெதியாக ஓடுகிறதே' என்று சந்தோஷப்பட்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நடந்தது என்னவென்றால், 3 இலிருந்து ஆழம் இறங்கவேண்டும். புதியதிலிருந்து பழையதைக் கழித்தால் மறை எண் வரும். மறை எண் பூச்சியத்துக்கு மேல் இல்லை. ஆகவே லூப் ஒரே ஒரு சுற்றோடு திருப்தியாக நின்றுவிட்டது. உண்மையான ஆழத்தை விட 32 சென்றிமீட்டர் கூட. வரைபட அறையில் இருந்த மூத்தவர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த வாய்க்காலுக்கு இவ்வளவு வராது, திரும்பப் பார்" என்றார். நான் ஐந்து நிமிடம் வாதாடினேன், கல்குலேட்டர் பொய் சொல்லாது என்று. பிறகு கையால் அடித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மண் வெட்டுமுன்பே பிடிபட்டது என் அதிர்ஷ்டம். 32 சென்றிமீட்டரை வாய்க்காலின் முழு நீளத்துக்கும் இரண்டு கரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை டிப்பர் மண் என்று.

வர்க்கமாக்கினால் ஏறினாலும் இறங்கினாலும் நேர் எண்தான். அந்த 2 என்ற சின்ன எழுத்து அதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

புரோகிராம் கல்குலேட்டர் வாங்குவதில் உள்ள ஆபத்தும் இதுதான். நிபந்தனையைப் பிழையாக எழுதினால் பிழைச்செய்தி எதுவும் வராது. நல்ல விடை மாதிரியே ஒரு எண் வரும். எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு: 0.000001 க்குப் பதிலாக எட்டமுடியாத சின்ன எண்ணைப் போட்டால், கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருந்து லூப் நிற்காமலே போகலாம். அப்போது ஏசி பொத்தான்தான் கதி. அதனால்தான் புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஃபோர் லூப்புக்குள் 50 சுற்று என்று ஒரு எல்லை கட்டச் சொல்வேன்.

50எஃப்எச் 2 இல் எனக்கு இருக்கிற குறை வேறு. ஸோல்வ் பொத்தான் இல்லை. மாறிகள் ஏழே ஏழு. புரோகிராம் ஒரே நீள வரியாக ஓடும், நடுவில் ஒரு பிழையைத் தேடுவது அம்புப் பொத்தானைத் தேய்க்கிற வேலை. அதாவது, 991 இல் ஒரு பொத்தானில் கிடைக்கிற வசதியை இதில் நீங்களே எழுதவேண்டும். பரீட்சைக்கும் கொண்டுபோக முடியாது, களத்துக்கும் கொஞ்சம் சின்னது என்று இரண்டுங்கெட்டான் நிலைமை. லூப் எழுதப் பழகுவதற்கு மட்டும் என்றால் நல்ல பொருள்.

களத்துக்கு என்று கேட்டால் என் மனம் எஃப்எக்ஸ்-5800பி பக்கம்தான் சாயும். 2006 இல் வந்தது. 28,500 பைட், ஏ முதல் இசட் வரை 26 மாறிகள், நாலு வரித் திரை, ஒரே ஒரு ட்ரிபிள்-ஏ பட்டரி. எந்தக் கிராமத்துக் கடையிலும் அந்தப் பட்டரி கிடைக்கும். உன்னிச்சைக்கு அப்பால் நிற்கிறபோது இதன் அருமை தெரியும். இஃப், வைல், ஃபோர் தவிர, முதலில் செய்துவிட்டுப் பிறகு நிபந்தனையைப் பார்க்கிற டூ லூப்பும் உண்டு. வாய்க்கால் கணக்குக்கு உண்மையில் பொருந்துவது அதுதான், ஏனென்றால் ஒரு சுற்றாவது ஓடாமல் ஒப்பிட எதுவும் இல்லை. ஸோல்வும் இருக்கிறது. புரோகிராமுக்குப் பெயர் வைக்கலாம். ட்ரவர்ஸுக்கு எழுதிய மூன்று 'ஆனால்' புரோகிராமை நான் இதில்தான் வைத்திருந்தேன், புள்ளிக்கு ஒரு கோணம் அடித்தால் திசைகோள் வரும். அளவையாளர்கள் இதைக் கொண்டாடியது சும்மா இல்லை. குறை: உற்பத்தி நின்றுபோன சாமான். புதிதாகத் தேடுவது வீண், பழையதை யாரிடமாவது வாங்கினால் எல்லாப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்த்து, பட்டரிப் பெட்டிக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்குங்கள். நம் கரையோர உப்புக்காற்று அந்த இடத்தைத்தான் முதலில் தின்னும்.

எச்பி 35எஸ் பற்றியும் மருமகன் எங்கோ படித்துவிட்டு வந்திருந்தான். 2007 இல் வந்த நல்ல இயந்திரம், தலைகீழ் போலிஷ் முறையில் (எண்களை முதலிலும் கூட்டல், பெருக்கல் குறியைப் பிறகும் அடிப்பது) பழகியவர்களுக்கு உயிர். ஆனால் அதுவும் நின்றுபோனது, இங்கே பழையதாகக் கிடைப்பதும் அபூர்வம். வரைபடம் கீறுகிற டிஐ-84, கேசியோ சிஜி50 போன்றவை லூப்புக்கு எந்தக் குறையும் வைக்காது, சிஜி50 இல் பைதன் என்ற புரோகிராம் மொழியும் ஓடும். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ஒரு பழைய மடிக்கணினி வாங்கலாம் என்பதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

கடைசியாகப் போன். உயர்தரத்தில் ஐசிரி (தகவல் தொழில்நுட்பம்) எடுத்த பிள்ளைக்குப் பைதன் தெரியும். போனில் பைதன் ஓடுகிற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. வைல் என்று எழுதி நாலு வரியில் வாய்க்கால் கணக்கு முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றையும் திரையில் அச்சடிக்கவும் சொல்லலாம், அதாவது ஆன்ஸ் முறையில் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இதிலும் தெரியும். எழுதிய புரோகிராமை வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு அனுப்பலாம். வீட்டிலிருந்து படிக்கும்போது இதை விட வசதியானது எதுவுமில்லை, நானே சொல்கிறேன். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு அணைக்கட்டில் நின்று போன் திரையைப் பாருங்கள். உங்கள் முகம்தான் தெரியும். வியர்வைக் கையால் அழுத்தினால் ஒரு எழுத்துக்குப் பக்கத்து எழுத்து விழும். கல்குலேட்டரின் பொத்தானுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, சேறு பட்ட விரலுக்கும் அது இடம் கொடுக்கும். பரீட்சை மண்டபத்துக்குள் போனைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

பரீட்சை என்றதும் இன்னொன்று. நம் நாட்டில் கல்குலேட்டரை அனுமதிக்கிற பரீட்சைகளிலும் பொதுவாகப் புரோகிராம் இல்லாததைத்தான் அனுமதிப்பார்கள். எந்த மாதிரி என்று பீடத்துக்குப் பீடம் மாறலாம். காசைக் கொடுக்கும் முன் உங்கள் பரீட்சை விதியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மண்டப வாசலில் கல்குலேட்டரைப் பறிகொடுத்துவிட்டு உள்ளே போய் மடக்கை அட்டவணை தேடுகிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

என் தீர்ப்பை அவனிடம் நேராகவே சொன்னேன். படிக்கிற காலத்துக்கு 991 ஐ வைத்துக்கொள், ஸோல்வையும் ஆன்ஸையும் கால்க்கையும் விரல் நுனிக்குக் கொண்டுவா. வீட்டில் போனில் பைதன். வேலைக்குப் போய், ஒரே கணக்கை நாளுக்கு இருபது தடவை, அதுவும் 'ஆனால்' களோடு செய்யவேண்டி வந்தால் மட்டும் 5800பி போன்ற ஒன்றைத் தேடு. 50எஃப்எச் 2 ஐ யாராவது இலவசமாகத் தந்தால் வாங்கிக்கொள்.

"அப்ப இது?" என்று மேசையில் இருந்த என் 5800பி ஐக் காட்டினான்.

"அது இரவல். உடைச்சுப்போடாத."

பஸ்சுக்கு நேரம் இருந்தது. விறாந்தையில் உட்கார்ந்து மேலே எழுதிய அதே வரியை அதில் அடித்தான். 1.3549 என்று நின்றது. முகம் மாறியது. "மாமா, ஸோல்வ் 1.3552 எண்டு சொன்னதே. இது ஏன் குறையுது?"

"நீ 0.001 வித்தியாசம் போதும் எண்டாய். அது நிண்டுட்டுது."

கொஞ்சநேரம் திரையைப் பார்த்துவிட்டு நிபந்தனையில் ஒரு பூச்சியத்தைக் கூட்டினான். 1.3551. பத்து மடங்கு இறுக்கிவிட்டேன் என்று நினைத்தான். வர்க்கத்துக்குள் ஒரு பூச்சியம் கூட்டினால் வித்தியாசம் மூன்று மடங்கு சொச்சம்தான் இறுகும், இரண்டு போடவேண்டும் என்றேன். இன்னொன்றும் போட்டான். ஒரு சுற்றுக் கூட ஓடி 1.35515 இல் நின்றது. அதற்குள் பஸ் வந்துவிட்டது, கல்குலேட்டரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினான். உறையை மேசையிலேயே விட்டுவிட்டான்.